16 இன்ச் வீலை 15 ஆக்கினால் காரின் குலுக்கல் குறையுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் பலேனோ மேல் வேரியன்ட் கார் இருக்கிறது. கம்பெனி அலாய் வீல், 195/55 R16 டயர். அம்மாவுக்கு 71 வயது, முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் துடித்துப்போகிறார். தம்பியிடம் இருப்பதும் பலேனோதான், ஆனால் 15 இன்ச் வீல். அதில் போனால் வலி குறைவு என்கிறார் அம்மா. எங்கள் டயர் தேய்ந்துவிட்டது. கடைக்காரர் 17 இன்ச்சில் அகல டயர் போட்டால் வண்டி மிதக்கும் என்கிறார். மெக்கானிக்கோ சஸ்பென்ஷன் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். மூன்று பேரில் சரியாகச் சொன்னவர் அவர்தான். 17 இன்ச் வேண்டவே வேண்டாம். உங்கள் டயர் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருப்பதால், தம்பி வண்டியில் இருக்கும் 15 இன்ச்சுக்கு இறங்க இதுதான் நல்ல நேரம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் அந்த எண்கள். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம்; அகலத்தில் 55 சதவீதம் என்று பொருள். 195-இல் 55 சதவீதம் போட்டால் 107 மி.மீ. வரும். ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உங்கள் வண்டியில் இருக்கும் ரப்பரும் காற்றும் அவ்வளவுதான். தம்பி வண்டியில் 185/65 R15 இருக்கும். அதே கணக்கைப் போட்டால் 120 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 17 இன்ச்சுக்கு வழக்கமாகப் போடுவது 205/45 டயர். அதில் வெறும் 92 மி.மீ. வீல், டயர் இரண்டையும் சேர்த்து அளந்தால் மூன்றுமே ஏறக்குறைய 62 செ.மீ. உயரம்தான். ஆக, ரிம் எவ்வளவு பெரிதாகிறதோ அந்த அளவுக்கு ரப்பர் குறைகிறது. உயரமான பக்கச்சுவர் மெத்தை என்றால், குட்டையானது ஜமக்காளம்.

உங்கள் டயருக்கும் தம்பி டயருக்கும் வித்தியாசம் 13 மி.மீ.தானே என்று தோன்றலாம். ஆனால் குட்டையான பக்கச்சுவரை வளைவுகளில் சாயாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் விறைப்பாகவே செய்கிறார்கள். உயரமும் குறைவு, வளைந்து கொடுப்பதும் குறைவு. அதனால்தான் தார் பெயர்ந்த விளிம்பு, பாலத்தின் இணைப்பு, பைப் போட மண் தோண்டி மூடிய இடம் போன்ற சின்னக் கூர்மையான அடிகள் நேராக இருக்கைக்கு வருகின்றன. டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த வகை அடிதான் ஆகாது. அகல டயர் மிதக்கும் என்பது தவறு. அகலத்தால் கிடைப்பது பிடிமானம், சொகுசு இல்லை. அலாய் என்றாலே லேசு என்ற நம்பிக்கையும் வேண்டாம். வெளியில் விற்கும் குறைந்த விலை 17 இன்ச் அலாய், கம்பெனியின் 15 இன்ச் ஸ்டீல் வீலைவிடக் கனமாகவே இருக்கலாம். வீல் கனமானால் குழியில் இறங்கி ஏறும்போது ஷாக் அப்சார்பருக்கு அதை அடக்குவது கஷ்டம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மாவை உட்காரவைக்க 16 இன்ச் வீல் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. கூடுதல் ஏர்பேக், நல்ல ஹெட்லைட், பின்பக்க கேமரா என்று கேட்டு மேல் வேரியன்ட் எடுத்திருப்பீர்கள். பெரிய வீலும் கூடவே வந்திருக்கும். பாதுகாப்பு வேண்டுமானால் சொகுசைக் கொஞ்சம் விட்டுக்கொடு என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்துகிற இந்த முறையை ஒரு கம்பெனி மட்டுமா வைத்திருக்கிறது? ஷோரூமில் "சின்ன வீலோடு எல்லா வசதியும் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வேரியன்ட் கிடையாது என்பார்கள்.

சரி, வேகத்தடைக்கு வருவோம். டயர் மாற்றினாலும் வேகத்தடையில் பெரிய மாற்றம் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை செய்வது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) என்ற அமைப்பு ஒரு அளவு கொடுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். நம் கிராமச் சாலைகளில் ஒரு முழ அகலத்தில் அரையடி உயரத்துக்குச் சிமென்ட்டைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கோடு கூடக் கிடையாது. அளவு எழுத்தில் இருக்கிறது, போடுகிறவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை, தட்டிக் கேட்க வேண்டிய துறையும் கண்டுகொள்வதில்லை. முதுகு வலி மட்டும் உங்கள் அம்மாவுக்கு. நம் கையில் இருப்பது, ஏறக்குறைய நின்று, முதல் கியரில் ஏறி இறங்குவது ஒன்றுதான்.

இப்போது காசு செலவில்லாத வேலை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன், பின் டயர்களுக்கு எவ்வளவு காற்று என்று அதில் எழுதியிருக்கும். அந்த அளவு, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது. பல பேர் வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்க்கில் நிறுத்துகிறார்கள். சூட்டில் காற்று மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துக் குறைத்தால் ஆறிய பிறகு காற்று பற்றாது. இதற்கு நேர் எதிரான தவறுதான் அதிகம் நடக்கிறது. காற்று பிடிக்கும் பையன் எல்லாக் காருக்கும் ஒரே அளவு வைத்திருப்பான், "மைலேஜ் கிடைக்கும் சார்" என்று நாற்பது வரை ஏற்றிவிடுவான். ஸ்டிக்கரில் 33 என்று இருந்து டயரில் 40 இருந்தால் எந்த வீலும் குலுக்கத்தான் செய்யும். சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள். பங்க்கில் காற்று இலவசம், கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அங்கே தொங்கும் மீட்டரை நம்பி அளவு வைக்காதீர்கள்.

ஸ்டிக்கரில் சொன்னதற்குக் கீழே போகவும் கூடாது. சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகும். சித்திரை வெயிலில் நான்கு வழிச் சாலையில் டயர் வெடிப்பதற்கு இதுவே பெரிய காரணம். நைட்ரஜன் போடலாமா என்று கேட்பீர்கள். நாம் சாதாரணமாகப் பிடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குலுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் காசுக்கு ஒரு வீல் பேலன்சிங் பண்ணிக்கொள்ளலாம்.

டயர் கடை விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவது அங்கே ரொம்ப சாதாரணம். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். கடையில் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால், ஜாக்கி போட்டு டார்ச் அடித்தால்தான் தெரியும். அதனால் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னாலேயே நான்கு டயரையும் தரையில் படுக்கவைத்துத் தேதியைப் படியுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் செய்தது நல்லது. ஒரு வருடம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். "டயர் கெட்டுப்போகாது சார், அஞ்சு வருஷம் வரும்" என்பார்கள். ரப்பர் நாளாக நாளாக இறுகும், இறுகிய டயர் குலுக்கும். குலுக்கல் குறைய வேண்டும் என்று காசு கொடுத்துவிட்டு, இறுகிய டயரை வாங்கிவருவதில் என்ன பயன்?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் தொழிற்சாலை வைத்துக்கொண்டு, தஞ்சாவூர்க் கடையில் புதுத் தேதி டயருக்கு வாடிக்கையாளர் கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் கோபம் வரவழைக்கும். பில்லிலும் விடாதீர்கள். துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். டயரின் சீரியல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில் இருந்தால்தான் நாளைக்கு வாரன்டி கேட்க முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கம்பெனி அலாய்களை "எக்ஸ்சேஞ்ச்" என்ற பெயரில் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

15 இன்ச்சுக்கு இறங்குவதில் உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகப் போனால் ஆபத்து. முன் வீலுக்குள்ளே பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் இருக்கின்றன. ரிம் சிறியதாகும்போது காலிப்பருக்கும் ரிம்மின் உட்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். ஒரே பெயரில் ஓடும் காரிலேயே ஒரு வேரியன்ட்டுக்குப் பெரிய டிஸ்க், இன்னொன்றுக்குச் சின்னது என்று வைப்பது உண்டு. பெரிய டிஸ்க் உள்ள வண்டியில் 15 இன்ச் ரிம் மாட்டினால் உரசலாம், சில சமயம் உள்ளேயே போகாது. மாடலின் தலைமுறை மாறினாலும் இதே கதைதான். 2015-இல் வந்த பலேனோவும் 2022-இல் வந்ததும் பெயர் ஒன்று என்பதற்காக எல்லாப் பாகமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதை உறுதி செய்ய உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. தம்பி வண்டியும் உங்கள் வண்டியும் ஒரே தலைமுறையா என்று ஆர்.சி.யில் பாருங்கள். ஒன்றுதான் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வீலையும் கழற்றி மாற்றி மாட்டுங்கள். நட்டை இறுக்கியதும் வண்டியை இறக்காமல், ஜாக்கியில் இருக்கும்போதே வீலைக் கையால் சுற்றுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பிவைத்தும் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் தொடக் கூடாது, சுரண்டும் சத்தம் வரக் கூடாது. பிறகு அம்மாவை ஏற்றிக்கொண்டு வழக்கமான சாலையில் போய்விட்டு வாருங்கள். வீல் பொருந்துகிறதா, அம்மாவுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று இரண்டும் ஒரே நாளில் தெரிந்துவிடும். தம்பி வண்டி வேறு தலைமுறை என்றால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். மேல் வேரியன்ட்களிலும் பல கார்களுக்கு ஸ்டெப்னி சின்ன ஸ்டீல் வீலாகத்தான் கொடுக்கிறார்கள். அதில் R15 என்று இருந்தால், அதை முன்பக்கம் ஒருமுறை மாட்டிப் பார்த்தாலே இடைவெளி தெரிந்துவிடும். இரண்டுமே இல்லை என்றால் அதே மாடலின் கீழ் வேரியன்ட்டுக்கு உரிய அசல் ஸ்டீல் வீலைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு, மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நட் போடும் துளைகள் சரியாக இருக்கின்றன என்பதற்காக மட்டும் வேறு கம்பெனி ரிம்மை வாங்கிவிடாதீர்கள். நடுத்துளையின் அளவும் ரிம் உள்வாங்கும் தூரமும் மாறினால் ஸ்டீயரிங் அதிரும், பேரிங் தேயும்.

16 இன்ச் ரிம்மையே வைத்துக்கொண்டு 195/60 டயர் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். பக்கச்சுவர் 117 மி.மீ. ஆகும், உண்மைதான். ஆனால் வீலின் மொத்த உயரம் மூன்று சதவீதம் கூடும். ஐந்து பேர் ஏறிக் குழியில் இறங்கும்போது உள்மட்கார்டில் உரச வாய்ப்புண்டு. கம்பெனி கொடுத்த அளவு ஒன்று கையில் இருக்கும்போது இதற்குப் போக வேண்டியதில்லை.

மெக்கானிக் சொன்ன சஸ்பென்ஷன் வேலையை இப்போதைக்கு நிறுத்துங்கள். குழியில் அடித்த பிறகு வண்டி இரண்டு மூன்று முறை துள்ளிக்கொண்டே போனாலோ, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தாலோ, மெதுவாகப் போகும்போது கீழே "டொக் டொக்" என்று தட்டினாலோ அப்போது மாற்றலாம். அதுவும் எது போயிருக்கிறதோ அதை மட்டும். இவை எதுவும் இல்லாமல் "டக்" என்று ஒரே அடியாக அடிக்கிறது என்றால் அது டயரின் வேலை. அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைக்கிறீர்களா? பின் சீட் பின் வீலுக்கு அருகில் இருக்கிறது, பின் ஸ்பிரிங் முழுப் பாரத்துக்காகச் செய்தது. ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அது விறைப்பாகத்தான் இருக்கும். முன் இடது சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து உட்காரவையுங்கள். இதை நாளைக்கே செய்யலாம்.

புது டயரில் அளவுக்குப் பின்னால் 88H போல ஒரு குறி இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், H என்றால் 210 கி.மீ. வேகம் வரை. தம்பி வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள குறிக்குக் குறையாமல் வாங்குங்கள். ஸ்பீடோமீட்டர், மைலேஜ் மாறுமோ என்று கவலை வேண்டாம். மொத்த உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்பதால் இன்சூரன்ஸ்காரர் மறுப்புச் சொல்லவும் இடமில்லை. 17 இன்ச் போட்டால் அந்தத் தெம்பு கிடையாது. காற்றை மட்டும் 15 இன்ச்சுக்குரிய ஸ்டிக்கர் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய அலாய்களைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவையுங்கள். காரை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.