குஜராத்துக்குப் போவதா, தபாலில் படிப்பதா?

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். தடயவியல் உளவியலில் முதுநிலை படிக்க விருப்பம். அதற்குக் குஜராத்துக்குத்தான் போகவேண்டும் என்கிறார்கள் சீனியர்கள், தபாலில் எம்.எஸ்சி. முடித்தால் போதும் என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, மேலூர்

பதில்: அப்பாவின் யோசனைக்கு இனி வழியில்லை. உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதென்று 2025-இல் யு.ஜி.சி. தடுத்துவிட்டது. சீனியர்கள் சொல்வது காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தை. மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்து 2020-இல் தேசிய நிறுவனமான அங்கே இப்பாடத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால், பட்டத்தில் 'தடயவியல்' என்ற சொல் இருப்பதாலேயே வேலை கிடைத்துவிடாது என்பது என் கருத்து.

பொய் கண்டறியும் கருவியை நினைத்து இத்துறைக்கு வருவோர் பலர். நார்கோ (மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் விசாரிப்பது), பாலிகிராப் (பொய் கண்டறியும் கருவி), மூளைப் பதிவு ஆகிய சோதனைகளை ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக் கூடாதென்று செல்வி வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உளவியலாளருக்கு உண்மையில் வேலை இருப்பது வேறிடத்தில். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட, பதினாறு வயது நிறைந்து பதினெட்டை எட்டாத சிறாரை, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிடும்போது, அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியை நாடலாம். அப்படி ஒரு பையனிடம், செய்ததன் விளைவு புரிந்ததா என்று கேட்டேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதையே உன் வாயால் சொல் என்றதும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அந்தத் தலையாட்டலைப் 'புரிதல்' என்று அறிக்கையில் எழுதியிருந்தால், அது அவனுக்கு இழைத்த அநீதியாகியிருக்கும். அவன் குற்றம் செய்தானா என்பதை முடிவு செய்வதும் நம் வேலையன்று. அது விசாரணைக்கு உரியது.

இந்தக் கவனம் மருத்துவ உளவியல் பயிற்சியில்தான் வரும். ஆகவே முதலில் நேரடி வகுப்பில் உளவியல் முதுநிலையையும், பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சியையும் முடியுங்கள். அப்பயிற்சிக்கான எம்.ஃபில். சேர்க்கையை 2025-26 வரைதான் யு.ஜி.சி. நீட்டித்தது என்பதால், சேரும்போது எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்பதைக் கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பவேண்டாம். காந்திநகருக்கு அதற்குப் பிறகும் போகலாம்.

இடையில் விடுமுறை கிடைத்தால், மேலூரிலிருந்து பேருந்தில் வரும் வழியிலேயே இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்று, அனுமதி பெற்று ஒருநாள் வாதங்களைக் கேளுங்கள்.