வார இறுதி 'பரமெடிக்' நெறி: கைக்கு எத்தனை நிமிடம்?

கேள்வி: சுன்னாகத்தில் பாமசி ஒன்றில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறில் நடக்கும் ஆறு மாத 'பரமெடிக்' சான்றிதழ் நெறியில் சேர்ந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சில் வேலை கிடைக்குமா?

பதில்: முதலில் அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். எங்கள் வைத்தியசாலைகளில் 'பரமெடிக்கல்' என்றால் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர், எக்ஸ்ரே எடுப்பவர். அந்தப் பதவிகளுக்கு உயர்தர விஞ்ஞானப் பெறுபேறு, முழுநேரப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபைப் பதிவு எல்லாம் வேண்டும். வார இறுதி வகுப்பு அங்கே கொண்டுபோகாது. நீங்கள் தேடுவது ஈ.எம்.ரி. எனப்படும் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் வேலை. 2018இல் வடக்குக்கு வந்த அந்த 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை, ஆரம்பத்தில் தான் எடுத்த ஆட்களை ஹைதராபாத்துக்கு அனுப்பியே பயிற்றுவித்தது. ஆகவே வெளிச் சான்றிதழ் அடித்தளம் தரும், வேலைக்கு உத்தரவாதம் தராது. வெளிநாட்டுக் கனவு இருந்தாலும் கவனம்: ஐக்கிய இராச்சியத்தில் பரமெடிக் ஆவதற்குப் பட்டப்படிப்பே வழி.

காசு கட்டுமுன், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்றும், இந்த நெறிக்குத் தரச்சான்று இருக்கிறதா என்றும் தனித்தனியே கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பதிவு இலக்கத்தை மட்டும் காட்டினால் பாதிப் பதில்தான்.

அதைவிட முக்கியம் கைப்பயிற்சி. 15 பேருக்கு ஒரு பயிற்சிப் பொம்மை என்றால் மூன்று மணித்தியால வகுப்பில் உங்கள் கைக்குக் கிடைப்பது 12 நிமிடம். பிறகு ஐந்து நாள் இடைவெளி, கை மறந்துவிடும். இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் மார்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். எண்ணிக்கையை எல்லாரும் பாடமாக்குவார்கள். பிழைப்பது கையைத் தளர்த்தும் இடத்தில்: மார்பின் மேல் சாய்ந்தபடியே அழுத்தினால் மார்பு முழுதாக எழும்பாது, இதயத்துக்குள் இரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்தில் களைப்பு வந்து ஆழம் குறைவது அழுத்துபவருக்கே தெரியாது. அதனால்தான் ஆள் மாற்றுகிறோம்.

செயற்கைச் சுவாசப் பையிலும் இதே கதைதான். வளர்ந்தவருக்கு ஒரு மூச்சுக்கு 500 முதல் 600 மில்லிலீற்றர், ஒரு செக்கன், மார்பு சற்று எழும்பும் அளவே போதும். பதற்றத்தில் பையை முழுதாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கும். முகமூடியை ஒருவர் இரு கையாலும் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் பிழிவதே நல்லது. இதைச் சோடியாகச் செய்ய விடாத வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைத்தியசாலையிலும் அம்புலன்சிலும் எத்தனை மணித்தியாலம் நிற்க விடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பாமசியில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. டிஜிற்றல் கருவியை ஒதுக்கிவிட்டு, கையால் காற்றடிக்கும் கருவியில் குருதி அமுக்கம் பாருங்கள். ஓடும் வண்டியின் இரைச்சலில் ஸ்ரெதஸ்கோப் கேட்காது. மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றை இறக்கி, துடிப்பு திரும்பும் இடத்து எண்ணைப் பிடிக்க வேண்டும். அது மேல் அமுக்கம். கீழ் அமுக்கம் இந்த முறையில் கிடைக்காது.