டர்போ எஞ்சினுக்கு ஃபோர்ஜ்ட் பிஸ்டன், கன்ராட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் புரோட்டோன் வீரா காரில் மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ எஞ்சின் மாற்றியிருக்கிறேன். தினமும் வேலைக்குப் போவது அதில்தான். வருடத்தில் சில முறை சிப்பாங் பந்தயத் தளத்தில் ஓட்டுவேன். 400 குதிரைத்திறன் வரை கொண்டுபோக ஆசை. ஃபோர்ஜ்ட் (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன் 2618 அலுமினியக் கலவையிலா, 4032 கலவையிலா? கன்ராட் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) எச்-பீமா, ஐ-பீமா, அதாவது வெட்டுமுகம் எச் வடிவமா, ஐ வடிவமா? பட்டறையில் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) இப்போதே போரிங் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, வைக்கலாம் என்கிறார்கள், சரியா? (வாசகர், கிள்ளான்)

பதில்: போரிங் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிஸ்டன் கைக்கு வரும்வரை பிளாக்கில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பெட்டியில் 85.5 மி.மீ. என்று போட்டிருக்கும். ஆனால் பிஸ்டன் சரியான வட்டமும் இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமும் இல்லை. மைக்ரோமீட்டரைச் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே அளவு மாறும். எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்று கூடவே வரும் தாளில் இருக்கும். அங்கே நான்கு பிஸ்டனையும் அளந்து, எண் போட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் பிஸ்டனுக்கு ஏற்ப ஹோனிங் (உட்சுவரை நுணுக்கமாகத் தேய்த்து அளவாக்குவது) செய்ய வேண்டும். அதையும் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பூட்டும் கனமான தகடு) இறுக்கிய நிலையில் செய்யச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் சுவர் லேசாகக் கோணும். பிளேட் இல்லாமல் ஹோன் செய்த வட்டம், ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது.

இனி உலோகம். 4032-இல் சுமார் 12% சிலிக்கான் இருக்கிறது; அதனால் சூட்டில் குறைவாக விரியும், தேய்மானமும் குறைவு. 2618-இல் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. அதிகம் விரியும், ஆனால் நாக்கிங் (எரிபொருள் முறைதவறி வெடிப்பது) அடித்தால் உடையாமல் தாங்கும் குணம் அதற்குத்தான் கூடுதல். இந்த எஞ்சினில் 4032-க்குப் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.08 மி.மீ.; 2618-க்கு 0.1 மி.மீ.-ஐ ஒட்டி வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 2618 'டக்டக்' என்று தட்டுவது அந்த இடைவெளியால்தான், சூடானதும் அடங்கும். எஞ்சின் முழுச்சூடு ஏறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும் ஓட்டத்துக்கு அது நல்லதில்லை. 400-இல் நிற்பதாக இருந்தால் நான் 4032-ஐத்தான் சொல்வேன், ட்யூனிங் நிதானமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாளை 500-க்கு மேல் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே 2618 வாங்கிவிடுங்கள். கம்ப்ரெஷன் விகிதம் 8.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கட்டும்.

எச்-பீமா, ஐ-பீமா என்பதற்கு இந்தச் சக்தி அளவில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். 4340 எஃகில் ஒழுங்காகச் செய்த எச்-பீம் 400-க்குத் தாராளம். கவனம் போக வேண்டியது கன்ராட் போல்ட்டுக்கு. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) கன்ராடை அமுக்குகிறது; ஆர்பிஎம்தான் அதை இழுக்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சியில் திரும்பும் நொடியில், எதிர்த்துத் தள்ள எரிந்த வாயுவின் அழுத்தம் இல்லாததால், முழு இழுவையும் போல்ட்டில் விழும். பிஸ்டன், பின், ரிங், கன்ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், 88 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 7000 ஆர்பிஎம்முக்கு அது ஏறத்தாழ 1.9 டன். 8000-இல் 2.4 டன். ஆயிரம் ஆர்பிஎம் கூட்டியதற்கு 30% சுமை! அதனால் ஏஆர்பி நிறுவனத்தின் 2000 தரத்துப் போல்ட்டாவது வேண்டும். டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாமல், இறுக்குவதற்கு முன்னும் பின்னும் போல்ட் நீளத்தை கேஜ் வைத்து அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போல்ட்டோடு வரும் கிரீஸைத்தான் தடவ வேண்டும். வேறு எண்ணெய் போட்டால் உராய்வு மாறி, அதே டார்க்கில் வேறு இறுக்கம் வரும்.

ஆர்டர் கொடுக்குமுன் கிராங்கில் (கன்ராட்கள் சுழற்றும் தண்டு) ஃப்ளைவீல் போல்ட் ஆறா, ஏழா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் கன்ராட் வேறு. கடைக்காரர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

ரிங் இடைவெளியை (பிஸ்டன் வளையத்தின் இரு நுனிகளுக்கு நடுவே விடும் இடம்) மெக்கானிக் கண்மதிப்பில் விடக்கூடாது. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சமமாகக் கீழே தள்ளி, ஃபீலர் கேஜ் போட்டுப் பாருங்கள். டர்போவுக்கு 85.5 மி.மீ. சிலிண்டர் விட்டத்தில் மேல் ரிங் இடைவெளி 0.38 முதல் 0.43 மி.மீ. வரை வரலாம், ரிங்கோடு வந்த தாள் வேறு சொன்னால் தாள் சொல்வதே சரி. குறைவாக இருந்தால் சூட்டில் ரிங்கின் இரு நுனிகளும் முட்டிக்கொண்டு, பிஸ்டனின் ரிங் லேண்டையே (ரிங் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள பகுதி) பெயர்த்துவிடும். கொஞ்சம் கூடுதலாகிவிட்டால் சற்றுப் புகை, சற்றுக் கசிவு, அவ்வளவுதான். எனவே சந்தேகம் வந்தால் பெரிய பக்கமே போங்கள்.

சிலிண்டர் சுவரின் தேய்மானம் 85.5 மி.மீ. வரை குடைந்ததில் சுத்தமாகிவிட்டால் அதோடு நில்லுங்கள். கூடுதல் சிசிக்காக 86, 87 என்று போனால் சுவர்தான் மெலியும், அடுத்த முறை போரிங் போட இடமும் இருக்காது.