இயற்கையைப் பார்த்தா கடவுள் இருக்கார்னு தெரியும்னு கிறிஸ்தவங்க சொல்றாங்களே, டார்வினுக்கு அப்புறமும் அது ஆதாரமா நிக்குமா?

நிக்கும்னுதான் நான் நம்புறேன், ஆனா எந்த வாதத்தைச் சொல்றோம்கிறது முக்கியம். 1802ல வில்லியம் பேலிங்கிற இங்கிலாந்து பாதிரியார் கண்ணை எடுத்துக்கிட்டு, வாட்ச் இருந்தா அதைச் செஞ்சவன் இருப்பான்ல, அதே மாதிரிதான் இதுவும்னு எழுதினார், இயற்கைத் தேர்வால கண்ணு மாதிரி உறுப்பும் கொஞ்சம் கொஞ்சமா உருவாகலாம்னு சொன்ன டார்வின் புக் 1859ல வந்ததும் அந்த வாதம் ரொம்ப அடி வாங்கிடுச்சு. ஆனா பைபிள் பேசுறது வேற மாதிரி. லீஸ்திராங்கிற ஊர்ல ஜனங்க, இயேசுவைப் பத்திச் சொல்ல வந்த பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கன்னு நினைச்சு பலி கொடுக்க எருதுகளோட வந்துட்டாங்க, அப்போ பவுல் வேத வசனம் எதையும் எடுத்துச் சொல்லல, வானத்துலேர்ந்து மழை, விளைச்சல் காலம், சாப்பாடு, மனசுல சந்தோஷம், இதெல்லாம்தான் கடவுள் தன்னைப் பத்தி விட்டு வச்ச சாட்சின்னார் (அப்போஸ்தலர் 14). சாட்சிங்க, கணக்கு ப்ரூஃப் இல்ல.

தண்ணியை எடுத்துக்கங்க. 4 டிகிரி செல்சியஸ்ல அடர்த்தி அதிகம், அதுக்குக் கீழ குளிர்ந்தா விரிய ஆரம்பிக்குது, அதனால ஐஸ் மிதக்குது, ஏரி மேல இருந்து உறையுது, அடியில மீன் உயிரோட இருக்கு. தண்ணி மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு இழுத்துப் பிடிக்கிற ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம், அறிவியல் அதை அழகா விளக்கிடுச்சு, அதுல எனக்கு சந்தோஷம்தான். அந்த விதியே ஏன் இருக்கு, அது ஏன் நம்ம புத்திக்குப் புரியுதுங்கிற கேள்வி அப்பவும் பாக்கி இருக்கு, விசுவாசம் பேசுறது அங்கதான்.

இயற்கை கடவுளுக்குச் சாட்சின்னா, நிலநடுக்கம், புற்றுநோய்லாம் என்ன? பவுல் எழுதின ரோமர் நிருபம் (கடிதம்) 1வது அதிகாரத்துல படைப்புல கடவுள் தெரியிறார்னு சொல்லுது, அதே நிருபம் 8வது அதிகாரத்துல படைப்பே வேதனையில தவிக்குதுங்குது, ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும். இயேசு யாருன்னு மலையும் கடலும் சொல்லாது, அதுக்கு சுவிசேஷம் வேணும்.