ஹல்லா தானாகத் தாண்டினாளா?

அன்புள்ள ஐயா,

1956 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹல்லா என்ற குதிரை, அடிபட்ட வீரரைச் சுமந்துகொண்டு தானாகவே எல்லாத் தடைகளையும் தாண்டித் தங்கம் வாங்கிக்கொடுத்ததைக் காணொளியில் பார்த்தேன். வலிமருந்து எடுத்துக்கொண்டு அவர் ஏறியது முறையா? அப்புறம், அவளுடைய எட்டுக் குட்டிகளில் ஒன்றுகூடப் பேர் எடுக்கவில்லையாமே, அவளோடு எல்லாம் முடிந்துவிட்டதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வலிமருந்தை விடுங்கள். தொடை இடுக்கில் தசை கிழிந்த மனுஷன் வேறு எப்படிச் சேணத்தில் உட்காருவார்? மூன்று பேரின் புள்ளியும் கணக்கில் வரும் போட்டி அது, அவர் ஏறாவிட்டால் ஜெர்மன் அணிக்கே பதக்கம் இல்லை.

"தானாகவே" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போன வாரம்தான் அம்மாவிடம் தாத்தாவின் செவலைக் காளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து திரும்பும் ராத்திரிகளில் தாத்தா ஒற்றை மாட்டு வண்டியிலேயே தூங்கிவிடுவார், காளை வீட்டு வாசலில் வந்து நிற்கும், ஊரே மாட்டின் புத்தியை மெச்சும். முதல் இரண்டு வருஷம் வாய்க்கால் மேட்டுத் திருப்பம் வரும்போதெல்லாம் அவர் இறங்கி, கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அம்மா வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

ஹல்லா 1945-ல் பிறந்தவள். தடையோட்டப் பந்தயத்தில் விட்டுப் பார்த்தார்கள், வேறு போட்டிக்குப் பழக்கினார்கள், எதிலும் அடங்கவில்லை, கிறுக்கு என்று பேர் வந்தது. 1951-ல், நீங்கள் பார்த்த அந்த ஜெர்மன் வீரர் ஹான்ஸ் குண்டர் விங்க்லரிடம் வந்தாள். பாதி மேதை, பாதி பித்துப்பிடித்த ஆடு என்று அவரே அவளைச் சொல்வார். அப்படிப்பட்டவளோடுதான் 1954-ல் உலக சாம்பியன் ஆனார். ஸ்டாக்ஹோமில் முதல் சுற்றில், கடைசிக்கு முந்தைய தடையில் அவள் முன்கூட்டியே எழும்பியதில் அவர் மேலே எகிறி, திரும்பச் சேணத்திலேயே விழுந்து தசை கிழிந்தது. இரண்டாம் சுற்றில் அவளைத் தடையை நோக்கித் திருப்பிவிடத்தான் அவரால் முடிந்தது, காலால் அழுத்திச் சொல்ல முடியாது, ஒவ்வொரு தாண்டலிலும் வலியில் கத்தினார். ஒரு கட்டைகூட விழவில்லை. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 4 தவறுப் புள்ளிதான், வெள்ளி வாங்கிய இத்தாலியின் ரைமொண்டோ டின்சியோவுக்கு 8. தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டும் அன்றைக்கே. அந்தக் கால் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவள் உடம்பில் ஏறியிருந்தது ஐயா. கத்துகிறவனை முதுகில் வைத்துக்கொண்டு மிரளாமல் ஓட எந்தக் குதிரைக்குப் பிறவியிலேயே தெரியும்?

குட்டிகளைக் கேட்டீர்கள், மறந்தே போனேன். அவளுடைய அப்பன் வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரை. தாயின் வம்சம் யாருக்கும் தெரியாது. அவளுக்கே ரத்தத்தில் வராதது குட்டிகளுக்கு எப்படி வரும்? 1960-ல் ரோமில் இன்னொரு அணித் தங்கம் வாங்கினாள், மொத்தம் 125 வெற்றி, 1979-ல் 34 வயதில் போனாள். வேறெந்தப் போட்டிக் குதிரைக்கும் அவள் பேரை வைக்கக் கூடாதென்று ஜெர்மன் குதிரையேற்றச் சம்மேளனம் முடிவெடுத்தது.

அந்தக் காணொளியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். காட்டும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள்.