மூன்று வாரக் குழந்தை ஓயாமல் அழுகிறது. என் மேல்தான் தவறா?

பால் கொடுத்தாச்சு, துணி மாற்றியாச்சு, தோளில் போட்டுத் தட்டியும் பார்த்தாச்சு, இன்னும் அழுகிறது என்கிறீர்கள். அநேகமாக உங்கள் மேல் தவறே இல்லை. இந்த அழுகை 2வது வாரம் வாக்கில் கூட ஆரம்பித்து, 6வது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகத் தணியும். அதாவது இன்னும் கொஞ்ச நாள் மோசமாகத்தான் இருக்கும்; பொய் சொல்லி என்ன பயன்?

சாயங்காலம்தான் கச்சேரி களைகட்டும். முகம் சிவந்து, முஷ்டி இறுகி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும். என் மகள் ஒருநாள் மின்விசிறிச் சத்தத்தில் அடங்கினாள். மறுநாள் அதுவும் எடுபடவில்லை!

பொறுமை போய்க் கை நடுங்குகிறதா? தடுப்புள்ள படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, ஐந்து பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழட்டும். குலுக்க மட்டும் கூடவே கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை வாந்தி, பால் மறுப்பு, துவண்டு கிடப்பது என்றால் உடனே டாக்டர். உங்கள் மனம் இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே கிடந்தாலும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள். "பாசமே வரலை" என்று நானும் சொல்லி அழுதிருக்கிறேன்.