வயதுக்கு வந்த பெண்ணின் விழாவுக்கு மண்டபத்தைத் தேவதை தீமில் அலங்கரிப்பது எப்படி?

முதலில் ரோஸ் கலர் இறக்கை, நட்சத்திரக் குச்சி, பலூன் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அவை 5 வயதுப் பிறந்தநாளுக்கு. வளர்ந்த பெண்ணுக்குக் காட்டுத் தேவதைதான் பொருத்தம்: கரும்பச்சை, தந்த வெள்ளை, கொஞ்சம் மங்கிய தங்கம். அலங்காரத்தை மண்டபம் முழுக்கப் பரப்பினால் எங்கும் எடுப்பாகத் தெரியாது. பணத்தில் பாதியை அவள் உட்காரும் இடத்தில் போடுங்கள்.

அங்கே அவளுக்குப் பின்னால் கட்டும் திரை 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பச்சை சாட்டின், நடுவில் சீரியல் லைட், முன்னால் நெட் துணி என்று மூன்று அடுக்கு. நெட் துணி, பின்திரையின் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால்தான் கொசுவம் விழும். இல்லாவிட்டால் கொசுவலை மாதிரித் தெரியும். 1.5 மீட்டர் பன்னா (அகலம்) உள்ள துணியில் 6 துண்டு, மடிப்புக்கும் சேர்த்து ஒவ்வொன்றும் 2.6 மீட்டர். ஆக 16 மீட்டர் வாங்குங்கள். லைட் சரங்களை 30 செ.மீ. இடைவெளியில் தொங்கவிடுங்கள். லைட்டை நெட்டுக்கு வெளியே மாட்டுவதுதான் பலர் செய்யும் தவறு: வயரெல்லாம் தெரியும், வெளிச்சமும் குத்தும்.

பல்பு வார்ம் ஒயிட் (மஞ்சள் சாயல் வெள்ளை), எல்.இ.டி. மட்டும். ஒரே ஒரு சரம் கூல் ஒயிட்டாக (நீலச் சாயல் வெள்ளை) கலந்தாலும் போட்டோவில் நீலத் திட்டாக நிற்கும். ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். நாற்காலியைத் திரையிலிருந்து 1 மீட்டராவது முன்னால் போட்டு, முகத்துக்குத் தனியாக ஒரு மெல்லிய வெளிச்சம் பக்கவாட்டில் மேலிருந்து விழட்டும். பின்னால் மட்டும் லைட் இருந்தால் படத்தில் முகம் இருண்டுவிடும்.

பெரிய காளான்கள் இந்தத் தீமின் உயிர். தெர்மோகோல் அரைப்பந்துதான் குடை. அதன்மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துக் குழி குழியாக்கிவிடும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து டிஷ்யூ பேப்பரை இரண்டு அடுக்கு ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, பிறகு அக்ரிலிக் பெயின்ட் பூசுங்கள். தண்டுக்கு அட்டைக் குழாய் போதும். அடியில் ஒரு பை மணல் போட மறந்தால் முதலில் ஓடிவரும் குழந்தை தட்டிவிடும்.

பட்டாம்பூச்சிகளைத் தூண்டில் நரம்பில் கட்டி ஏற்ற இறக்கமாகத் தொங்கவிடலாம். ஆள் நடக்கும் இடத்தில் 2.2 மீட்டருக்குக் கீழே வேண்டாம். மின்விசிறி, ஏ.சி. காற்று படும் இடமென்றால் நரம்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். கட்டியதும் காற்றை ஓடவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள்.

மேஜைக்கு ஜிப்சோபிலா என்ற குட்டி வெள்ளைப் பூவும் பெரணி இலையும் நன்றாகத் தாங்கும். ஹைட்ரேஞ்சியா என்ற பெரிய கொத்துப் பூ தண்ணீர் இல்லாமல் சீக்கிரம் தலை தொங்கும். பாசி வைத்தால் அடியில் பிளாஸ்டிக் தாள் போடுங்கள், விரிப்பில் கறை ஏறும். நிஜ மெழுகுவர்த்தி கூடவே கூடாது, நெட் துணி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பேட்டரி மெழுகுவர்த்தி போதும். ஜிகினாத் தூளும் வேண்டாம். கூட்டிப் பெருக்குகிறவர் பாவம்.

கூரை, திரை, மேஜை, தரை என்று மேலிருந்து கீழே வாருங்கள். ஏணி வேலை முடியாமல் மேஜையில் பூ வைத்தால் இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கும்.